பேட்ஜ் எண் 3436

நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்றவர் ஜான் விஜியானோ. அவருடைய அப்பாவும் தீயணைப்பு வீரர்தான். பேட்ஜ் எண் 3436. மூத்த மகன் ஜான் அதே வேலைக்குப் போனபோது தாத்தாவின் எண்ணே அவருக்கும் கிடைத்தது. இளையவர் ஜோ, போலீஸ் துப்பறிவாளர்.

2001 செப்டம்பர் 11 காலையில் ஜோ அப்பாவுக்குப் போன் செய்து, உலக வர்த்தக மையத்தில் விமானம் மோதியிருக்கிறது, டி.வி.யைப் போடுங்கள் என்றார். தானும் அங்கே போவதாகச் சொன்னார். இரவுப் பணிக்குப் போயிருந்த அண்ணனோ முந்தின நாளே பேசிவிட்டிருந்தார்.

இருவரும் திரும்பவில்லை. அண்ணனுக்கு வயது 36, தம்பிக்கு 34.

மாதக்கணக்கில், தரைமட்டமான அந்த மையத்தின் இடிபாடுகளே கதி என்று கிடந்தார் விஜியானோ. பிள்ளைகளைத் தேடிவந்த மற்ற தந்தையரும் அவருடன் இருந்தார்கள். அவர்களிலும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்கள் உண்டு. ஜோவின் உடல் கிடைத்தது. ஜானின் உடல் கிடைக்கவே இல்லை.

அப்படியும் அவர் விதியை நொந்துகொள்ளவில்லை. இரண்டு மகன்களிடமும் கடைசியாகப் பேசியது அன்பான வார்த்தை, கேட்டதும் அதுவே என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட மனசு! பேரப்பிள்ளைகள் வளர்ந்து ஆளாவதைப் பார்த்துவிட்டு, 2018-ல் அவர் காலமானார்.