சீட்டுக் குலுக்கல் நீதியாகுமா?

உயிர் காக்கும் மருந்து சிறிதளவே இருக்கிறது. அதனை வேண்டி நிற்போரோ பலர். யாருக்குக் கொடுப்பது? இது ஏட்டளவில் நிற்கும் கேள்வி அன்று. 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மார்பகப் புற்றுநோயுற்ற பெண்கள் பொருட்டு உண்மையாகவே எழுந்த கேள்வி.

அதன் பின்னணியை முதலில் காண்போம். நம் உடலின் உயிரணுக்களில் 'ஹெர்-2' என்னும் மரபணு இரண்டு படிகளாக அமைந்துள்ளது. அது ஆக்கும் புரதம், வளர்க என்னும் கட்டளையை அணுவினுள் செலுத்துகிறது. சில மார்பகப் புற்றுக் கட்டிகளில் இம்மரபணு பல படிகளாகப் பெருகிவிடுகிறது; வளர்ச்சியும் கட்டுக்கடங்காமல் போகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவர்தம் குழுவினரும் 189 கட்டிகளை ஆராய்ந்து, ஏறத்தாழ நூற்றுக்கு 30 கட்டிகளில் இப்பெருக்கத்தைக் கண்டதாக 1987-இல் அறிவித்தனர். அப்புரதத்தைப் பற்றி அடக்கும் மருந்தை ஜெனென்டெக் நிறுவனம் உருவாக்கியது. 'டிராஸ்டுசுமாப்' என்பது அதன் பெயர்.

மருந்து சோதனையில் இருந்தபோதே, சாவை எதிர்நோக்கிய பெண்கள் அதனைக் கேட்டனர். பெண்கள் அமைப்பினர் நிறுவன வளாகத்திற்கே சென்று போராடினர். நிறுவனம் இறுதியில் இசைந்தது. ஆயினும் மருந்து எல்லோர்க்கும் போதவில்லை. எனவே சோதனைக்கு வெளியே அதனைப் பெறுவோரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தனர்.

உயிரைக் குலுக்கலில் வைப்பது கொடுமை அன்றோ என்று தோன்றும். வேறு வழிகளையும் எண்ணிப் பார்ப்போம். செல்வம் உடையார்க்கா? செல்வாக்கு உடையார்க்கா? இளையோர்க்கா? பிள்ளை பெற்றோர்க்கா? எவ்வழியைக் கொண்டாலும் ஓர் உயிரைவிட மற்றோர் உயிர் மேலானது என்று தீர்ப்பளித்தவர் ஆவோம். எல்லா உயிரும் நிகரெனின், அவற்றை நிறுக்கும் தராசு நம்மிடம் இல்லை. அதனை ஒப்புக்கொள்ளும் பணிவே சீட்டுக் குலுக்கலின் சிறப்பு.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிற்குப் பத்துப் புத்தகங்கள் வந்தால் ஆசிரியர் சீட்டுக் குலுக்கலாம். எல்லோர் பெயரும் எழுதப்பட்டிருந்தால், கிடைக்காத பிள்ளையும் மனம் ஒப்பும். அத்துடன் ஆசிரியரின் கடமை தீர்ந்ததா? இல்லை. எஞ்சிய முப்பது புத்தகங்களைத் தேடித் தரும் பொறுப்பு அவர்க்கு உண்டு. குலுக்கல் இன்றைய வழக்கைத் தீர்க்கும். நாளைய கடமையைத் தீர்க்காது.

1998-இல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. 469 பெண்களிடையே நடந்த சோதனையில், நோய் பரவியவர்களின் இடைநிலை ஆயுள் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாக உயர்ந்தது. தொடக்க நிலையிலேயே கொடுத்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது 2005-இல் தெரிய வந்தது. இதயத்தைத் தளர்த்தும் குறை அதற்கு உண்டெனினும் அதன் பயன் பெரிது.

மருந்துத் தட்டுப்பாடு நீங்கியது, விலை நீங்கவில்லை. நம் நாட்டில் ஒரு குப்பியின் விலை இலட்ச ரூபாயையும் தாண்டியிருந்த காலம் உண்டு. 2013-இல் அதன் காப்புரிமை இந்தியாவில் கைவிடப்பட்டது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் நிகரான மருந்தொன்றை 2014-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. விலையும் குறையத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் டிராஸ்டுசுமாபை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. எனினும் அது எட்டாத இல்லங்கள் இன்னும் பல.

இங்கே எவரும் சீட்டுக் குலுக்குவதில்லை, பணப்பையே தேர்ந்தெடுக்கிறது. குலுக்கலில் ஏழையின் பெயரும் இருந்தது. விலைப்பட்டியலில் அவள் பெயருக்கு இடமில்லை. அன்று குலுக்கலைக் கொடுமை என்று கண்டு கலங்கும் நாம், இதனை மட்டும் 'விதி' என்று சொல்லி அமைதியடையலாமா? பொருள் உண்மையிலேயே குறைவாக இருக்கும்போது மட்டுமே குலுக்கல் நீதியாகும். குறைவு மனிதர் ஆக்கியதாயின், அதனை நீக்குவதே நீதி. நால்வகைத் தானத்துள் ஔடத தானத்தையும் வைத்துப் போற்றும் நமக்கு இது புதிய பாடம் அன்று. ஒரு நோயாளியின் ஓராண்டு மருந்துச் செலவில் ஒரு பங்கையேனும் பலர் கூடி ஏற்பது, இன்று அத்தானத்தின் வடிவமாகும்.