சரவணம் நட்டவன் பாடு

 

ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'சரவணபவ' சொல்றோம்? சரவணம்னா நாணல் காடு. சரம்னா நாணல். அம்புக்கும் அதே பேர்தான், ஏன்னா அம்புத் தண்டை நாணல்ல செஞ்சாங்க. கங்கையாலேயே தாங்க முடியாத ஆறு தீப்பொறியை ஏந்திக்கிட்ட இடம் ஒரு நாணல் பொய்கை. ஆனா திருப்பரங்குன்றத்துலயும் திருத்தணியிலயும் சரவணப் பொய்கைக்குப் போனப்போ நான் பார்த்தது கல் படிக்கட்டுதான். நாணலைப் பார்த்ததா ஞாபகமே இல்ல.

எங்க ஊர் வடக்குப்பட்டு. 2022ல இந்தியத் தொல்லியல் துறை தோண்டி, பழைய கற்கருவிகளை எடுத்த அதே ஊர். ஒரகடம் பக்கம், சுத்தி எங்க பார்த்தாலும் கம்பெனி. மூணு வருஷம் முன்னாடி தைப்பூசத்துக்கு வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுட்டு வர்றப்போ, ரோட்டோரக் கால்வாய்ல நாணல் நின்னுச்சு. நம்ம பக்கம் ரெண்டு மூணு புல்லை நாணல்னு சொல்வாங்க. இது தண்ணிக்குள்ளயே நிக்கிற கொறுக்கை. அதைக் கிழங்கோட தோண்டி எடுத்து, ஆறெழுத்துக்கு ஆறு துண்டுன்னு எங்க ஊர்க் குளத்துல நட்டேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். திங்கட்கிழமை ஆபீஸ் போயிட்டேன்.

நடுறது ரொம்ப சுலபம். ரெண்டு மூணு கணுவும், ஒரு முளையும் இருக்கிற கிழங்குத் துண்டு வேணும். அதைச் சேத்துல சாய்வா புதைச்சு, நுனி மட்டும் தண்ணிக்கு மேல தெரியுற மாதிரி விடணும். முதல் மாசம் சேறு ஈரமா இருந்தாலே போதும். நுனி முங்குச்சுன்னா அழுகிடும். ஏன்னா அந்தத் தண்டு உள்ள குழாய் மாதிரி. அது வழியா இறங்குற காத்தாலதான் வேர் சேத்துக்குள்ள உயிரோட இருக்கு. அந்தக் காத்துல வேரைச் சுத்தி வாழற நுண்ணுயிர்தான் அழுக்கைத் தின்னுது. 1950கள்லயே ஜெர்மனியில கேத்தே சைடல் என்ற விஞ்ஞானி நீர்த்தாவரங்களை வெச்சு கழிவுநீரைச் சுத்தம் பண்ண முடியுமான்னு ஆராய ஆரம்பிச்சுட்டாங்க. ஆரோவில்லயும் இந்த மாதிரிப் படுகைகள் இருக்கு. இதெல்லாம் படிச்சுட்டுத்தான் நட்டேன். புண்ணியம் மட்டும் இல்ல, அறிவியலும் என் பக்கம்னு ஒரு தெம்பு.

போன வருஷம் ஊருக்குப் போனா, ஆறு துண்டு ஒரு காடாவே ஆயிருந்துச்சு. ஆளுயரத்துக்கு மேல. படித்துறை எங்க இருக்குன்னே தெரியல. ஆடு மேய்க்கிற ஒரு ஆயா கேட்டாங்க: "இன்னா கண்ணு, இத்த நட்டது நீதானாமே? ஆடு தண்ணிக்கு எறங்க வழியே இல்ல. சுத்திக்கினு அந்தாண்ட போறேன். முட்டி வலிக்குது."

என்கிட்ட பதில் தயாரா இருந்துச்சு. தண்ணி சுத்தமாகும், மீன்குஞ்சு ஒதுங்கும், பறவை வரும். ஒண்ணும் பொய் இல்ல. ஆனா அந்த நன்மைக்கெல்லாம் விலை கொடுத்தது ஆயாவோட முட்டி. நான் ஒரு பைசா கொடுக்கல. நல்ல எண்ணத்தோட செஞ்சேன்னு சொல்லிக்கிறது எனக்குத்தான் ஆறுதல், அவங்க வலிக்கு மருந்து இல்ல. சாயங்காலம் கோடை லைவ் சர்வர்ல தள்ளிட்டு லீவுல போறவனை எங்க டீம்ல என்ன திட்டு திட்டுவோம்! அதைத்தான் நான் குளத்துல பண்ணியிருக்கேன்.

அப்படின்னா கடைசி வரைக்கும் பார்த்துக்க முடியும்னு உறுதி இருக்கிறவன் மட்டும்தான் எதையும் நடணுமா? அப்படிப் பார்த்தா இந்த உலகத்துல ஒரு மரம்கூட இருக்காது. பல நாள் இதுல மாட்டிக்கிட்டு நின்னேன். கதையில குழந்தையைப் பொய்கையில விட்டுட்டுப் போனது கங்கை, பால் கொடுத்து வளர்த்தது கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். காங்கேயன்னு அவனுக்குப் பேர் உண்டுதான். ஆனா மாசாமாசம் நாம விரதம் இருக்கிறது கார்த்திகை நட்சத்திரத்துக்கு. விட்டுட்டுப் போறதும் ஒரு வேலை, தப்பு இல்ல. ஆனா எடுத்து வளர்க்க ஆள் இருக்காங்களான்னு கங்கை மாதிரி நம்பிட்டுப் போற தகுதி எனக்கு இல்ல. நட்டதுல என் தப்பு இல்ல. அந்தத் தண்ணியில தினமும் இறங்குறவங்களை ஒரு வார்த்தை கேட்காம நட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. என்னால அறுக்க முடிஞ்ச அளவைத் தாண்டி வளர விட்டதும்தான். ஊர்க் குளத்தை என் பூஜை அறையா நினைச்சுட்டேன்.

புரட்டாசியில போய் அறுத்தேன். இதுலயும் ஒரு கணக்கு இருக்கு. மழைக்கு முன்னாடி அடியோட ஒட்ட அறுத்துட்டா, ஐப்பசித் தண்ணி ஏறி கட்டையை மூடிடும், காத்துக் குழாய் அடைபட்டு கிழங்கு செத்துப்போகும். முழுசா இல்ல, வருஷாவருஷம் அறுக்கணும். கை பூரா கீறல். ஆயா கரையில உட்கார்ந்து வழி சொன்னாங்க. படித்துறையில இருந்து மேற்குப் பக்கம் முழுக்க எடுக்கச் சொன்னாங்க. வடக்கு மூலைக்குப் போனப்போ மட்டும், "அத்த வுட்டுடு, நீர்க்கோழி கூடு கட்டிக்கீது"ன்னாங்க.

அந்த மூலை இப்போ அப்படியே இருக்கு. வீட்டுல வளர்க்க ஆசைப்படுறவங்க ஓட்டை இல்லாத தொட்டியில பாதி சேறு போட்டு, ஒரே ஒரு துண்டு வைங்க. மண்ணுல நேரா வைக்காதீங்க, கிழங்கு பக்கத்து வீடு வரைக்கும் போயிடும். இந்தப் புரட்டாசி ரெண்டாவது ஞாயிறு காலையில நான் குளத்துல இருப்பேன். வர்றவங்க அரிவாளும், முழங்கால் வரைக்கும் ஏறுற ரப்பர் பூட்ஸும் எடுத்துட்டு வாங்க.

வேலும் மயிலும் துணை.