பயணியின் சலுகை: தொலைவுக்கா, துன்பத்துக்கா?

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 4,400 கிலோமீட்டர். இந்தியாவிலிருந்து ஹஜ் பயணிகளைக் கப்பலில் அனுப்பும் வழக்கம் 1995இல் முடிவுக்கு வந்தது. அக்காலத்தில் பல நாள்களைக் கடலில் கழிக்க வைத்த பயணம், நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. தொலைவு அப்படியே இருக்க, துன்பம் மட்டும் குறைந்துவிட்ட இந்நிலை, ஃபிக்ஹ் எனப்படும் இஸ்லாமியச் சட்டவியலின் பழைய வினா ஒன்றை மீண்டும் எழுப்புகிறது: பயணிக்கு மார்க்கம் அளித்த சலுகை, அவர் கடக்கும் தொலைவுக்கா, படும் துன்பத்துக்கா?

முஸாஃபிர் எனப்படும் பயணி, நான்கு ரக்அத் (தொழுகையின் அலகு) கொண்ட தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம்; இது கஸ்ர். ரமலான் நோன்பை விட்டுப் பின்னர் நோற்கவும் அவருக்கு இடமுண்டு. சட்டப் பள்ளிகளான மத்ஹபுகளில், ஷாஃபிஈ மத்ஹபு இரண்டு நாள் பயணத்தையும், ஹனஃபி மத்ஹபு மூன்று நாள் பயணத்தையும் இதற்கு எல்லையாக வகுத்தன; இன்றைய அறிஞர் பலர் இரண்டையும் 80 கிலோமீட்டரை ஒட்டியே கணக்கிடுகின்றனர். மக்கள் வழக்கில் எது பயணமோ அதுவே பயணம் என்றார் 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா.

சட்டம் எதன்மேல் நிற்கிறதோ அந்தப் புலப்படும் காரணத்தை இல்லத் என்றும், அதன் பின்னுள்ள நோக்கத்தை ஹிக்மத் என்றும் அறிஞர்கள் பிரித்தனர். துன்பத்தைத் தணிப்பது நோக்கம். ஆயினும் துன்பம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், எவரும் அளந்தறியக்கூடிய பயணத்தையே காரணமாகக் கொண்டனர். இந்த அளவுகோல் இருபுறமும் வெட்டும். விமான இருக்கையில் சாய்ந்திருப்பவருக்கும் கஸ்ர் உண்டு. ஆனால் ஊரில் நோன்பு வைத்துவிட்டுப் பிற்பகலில் மேற்கே பறப்பவர், சென்னையில் மஃரிப் எனும் அந்தித் தொழுகைக்கான பாங்கு ஒலித்த பிறகும், சன்னலுக்கு வெளியே சூரியன் தெரியும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டரை மணி நேர வேறுபாடுள்ள ஊரை நோக்கிச் செல்வதால் அவருடைய பகல் நீள்கிறது. விடியலுக்குப் பின் பயணம் தொடங்கியதால், இவ்விரு மத்ஹபுகளின்படி அன்றைய நோன்பை விடும் சலுகை அவருக்கில்லை.

துன்பத்தை அளவாகக் கொள்ளாததைச் சட்டத்தின் குறை என்பது பொருந்தாது. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் கஸ்ரைப் பகைவர் அச்சத்தோடு சேர்த்தே கூறுகிறது. அச்சம் நீங்கியபின் சலுகை எதற்கு என்று நபித்தோழர் உமர் வினவியபோது, அது இறைவன் வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் நபிகள் விடையளித்ததாக முஸ்லிம் நபிமொழித் தொகுப்பு பதிவு செய்துள்ளது. காரணமாயிருந்த இடர் மறைந்தும் கொடை திரும்பப் பெறப்படவில்லை.

விமானப் பயணிக்கும் இவ்விடை பொருந்தும். துன்பத்தை மெய்ப்பித்தால்தான் இரக்கம் கிட்டும் என்றாகிவிட்டால், ஒவ்வொருவரும் தம் வேதனைக்குச் சாட்சி தேடவும் பிறர் வேதனைக்கு நீதிபதியாகவும் நேரும். அனைவருக்கும் பொதுவான எல்லை அந்த இழிவிலிருந்து மனிதரைக் காக்கிறது. ஆகவே வசதியாகப் பறப்பவர் கஸ்ர் தொழுவதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. கேளாமலே கிடைத்த கொடைக்கு உரிய மறுமொழி நன்றியே.