பொன்னும் அந்தியும்

தஞ்சாவூர் ஓவியத்தில் பொழுது சாய்வதில்லை. பலகையில் துணி ஒட்டி, மக்குக் கலவையால் மேடு எழுப்பி, தங்க ரேக்கு பதிக்கிறார்கள். அந்தப் பொன்னொளிக்குத் திசை இல்லை. காலம் கடந்த இறைமையை அது உணர்த்துகிறது.

அந்திக் காட்சி இதற்கு நேர் எதிர். நடவுக் காலத்தில் டெல்டா வயல்களில் நீர் நிற்கும்போது வானம் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரியும். சிறிது நேரத்தில் அந்தியின் நிறம் மறையும். நீர்வண்ணத்தில் இதைப் பழகுபவர் தாளை நனைத்து, அடிவானத்தில் மஞ்சளும் அதன்மேல் சிவப்பும் உச்சியில் நீலமும் ஈரத்திலேயே பரப்புவார். மஞ்சளும் நீலமும் நேரே கலந்தால் வானம் பச்சையாகிவிடும். இடையிலுள்ள சிவப்பு அதைத் தடுக்கிறது. தொலைவுத் தென்னைகளுக்கு வெளிறிய நீலச்சாம்பல், அருகிலுள்ள வரப்புக்கு அடர்நிறம். நடவு முடித்து வரப்பில் திரும்பும் பெண்களுக்கு முகம் தேவையில்லை. வெளிச்சம் பின்னால் இருப்பதால், தளர்ந்த தோளின் சாய்வே களைப்பைச் சொல்லிவிடும்.

இந்த அந்தி வயலைத் திணை மரபிலும் வாசிக்கலாம். தொல்காப்பியத்தில் நிலமும் பொழுதும் முதற்பொருள். மனித உணர்வு உரிப்பொருள். வயல் சார்ந்த மருதத்துக்கு வைகறையும் விடியலும் உரியவை. மாலை முல்லைக்கு உரியது. முல்லையின் உணர்வு காத்திருத்தல். அந்தி வயலில் வீடு திரும்பும் உருவம் வந்ததும் மருத நிலத்தில் முல்லையின் உணர்வு கலக்கிறது. இதுவே திணைமயக்கம்.

நிலையாத ஒளி நிலையானதைக் காட்டுமா? சைவ மரபை வைத்துப் பார்த்தால், காட்டும். பிரதோஷ வழிபாடு கதிரவன் மறையும் வேளைக்கு உரியது. தஞ்சைப் பெரிய கோயிலில் நந்திக்கு அபிஷேகம் நடப்பதும் அப்போதே. இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று. பொன் அவனது நிலைபேற்றைக் காட்டுகிறது. அந்தி அவனது செயலைக் காட்டுகிறது.