நாற்காலியைத் திரும்பிப் பார்த்தவர்

எழுந்ததும் அந்த அக்கா நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். குழித்துறையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பல மாதங்களாகத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஒரு பார்வைதான்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான முகாம் அது. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக ஆசிரியை போயிருந்தார். அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக அண்டியாப்பீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவர், மூன்று பிள்ளை பெற்றவர். முகாமில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தோர்த்துத் துண்டை நாலாக மடித்து விரித்து, அதன்மேல்தான் உட்கார்ந்தார். முறை வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மூத்திரம் அறியாம போவுது டாக்டரே. மூணாவது பிள்ளைக்குப் பெறவு தொடங்கினது.” மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “அதுக்கு இதுல எடம் இல்லம்மா. கை காலுக்கு ஏதாவது உண்டா?” இல்லை என்று தலையசைத்துவிட்டு அக்கா எழுந்தார். தோர்த்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அப்புறம்தான் நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியில் ஈரம் இல்லை.

அந்தப் பார்வைக்கு ஒரு நொடி ஆகியிருக்குமா என்பதே சந்தேகம். கண்ணுக்குப் பழகிய வேலை. பேருந்து இருக்கையில், கல்யாண மண்டபத்தில், சொந்த மகள் வீட்டுச் சோபாவில் என்று எழும்புகிற இடத்திலெல்லாம் நடந்து நடந்து தானாகவே நடப்பதாகிவிட்டது. முப்பது வருடமாக இப்படித் திரும்பிப் பார்க்கும் ஒருவரின் வாழ்க்கையில் எவ்வளவு குறைந்திருக்கும், அதை எந்தக் கணக்கில் வைப்பது என்பதுதான் ஆசிரியையின் கேள்வி. வீட்டுக்கு வந்ததும் சட்டத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினார்.

2016-ல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழுதான் இருந்தன. புதிதாகச் சேர்ந்தவற்றில் ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய ரத்த நோய்களும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாத நோய்கள் அவை. ஆக, கண்ணுக்குத் தெரிந்தால்தான் குறைபாடு என்ற பழைய நினைப்பைச் சட்டம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. மாற்றுத்திறனாளி என்பவர் யார் என்று அதே சட்டம் சொல்லும் விளக்கம் இன்னும் விரிந்தது: நீண்டகாலமாக இருக்கும் ஒரு குறை, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் சமூகத்தில் பங்கெடுப்பதைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி. முப்பது வருடம் நீடித்த ஒன்று நீண்டகாலமானது இல்லையென்றால் வேறு எதுதான் நீண்டகாலமானது? ஆனால் அட்டை கிடைப்பது விளக்கத்தை வைத்து இல்லை. பட்டியலில் இருக்க வேண்டும், பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது தேற வேண்டும்.

ஆசிரியையை உண்மையில் உலுக்கியது வேறொன்று. குறைபாடுகளை அளவிட மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், நரம்புப் பாதிப்புகளுக்கான பகுதியில், சிறுநீர்ப்பைக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. அடிக்கடி போக வேண்டியிருந்தால் 25 சதவீதம். வந்ததும் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருந்தால் 50. அவ்வப்போது, ஆனால் திரும்பத் திரும்பக் கசிந்தால் 75. கட்டுப்பாடு முழுக்கப் போய்விட்டால் 100. ஒரே நிபந்தனை, காரணம் நரம்பாக இருக்க வேண்டும்.

தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு ஒடிந்தவருக்கு அந்த அட்டவணை பொருந்தும்; பொருந்தத்தான் வேண்டும். பிரசவத்தில் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்துபோய், இருமும்போதும் குடம் தூக்கும்போதும் கசியும் பெண்ணுக்குப் பொருந்தாது. நனையும் துணி ஒன்றுதான். தவறவிடும் பேருந்தும் ஒன்றுதான். குறை எங்கிருந்து வந்தது என்று அட்டவணை கேட்கிறது, அது எதையெல்லாம் பறித்தது என்று கேட்பதில்லை. இந்த இடத்தில் ஆசிரியைக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்தான்.

இதை வேறு விதமாகக் கேட்ட நாடுகளும் உண்டு. பிரிட்டனின் 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டம், அன்றாட வாழ்வுக்கு வேண்டிய திறன்களை வரிசைப்படுத்தியபோது நடப்பது, பார்ப்பது, கேட்பதோடு சிறுநீர் மலத்தை அடக்கும் திறனையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அமெரிக்கச் சட்டத்தில் 2008-ல் வந்த திருத்தம், உடலின் முக்கியச் செயல்பாடுகளில் குடலையும் சிறுநீர்ப்பையையும் குறிப்பிடுகிறது. சிறுநீர்ப்பை, மலக்குடல் செயலிழப்புக்கு ஜப்பானில் அடையாளச் சான்று தருகிறார்கள். வயிற்றில் துளையிட்டுப் பை கட்டியிருப்பவர்கள் கழுவிக்கொள்ளப் பொதுக் கழிப்பறைகளில் தனி வசதியும் செய்து வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் வாசித்துக்கொண்டிருந்த ஓர் இரவில் ஆசிரியைக்குத் தன் அம்மச்சியின் ஞாபகம் வந்தது. தாமிரபரணியின் கரையில்தான் வீடு. ஆடி அமாவாசை வந்தால் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி. மரக்கன்றும் வளையலும் ராட்டினமுமாக ஊரே அங்கேதான் கிடக்கும். வீட்டில் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், அம்மச்சி மட்டும் வரமாட்டார். “நீங்க போங்க மக்களே, எனக்குக் கூட்டம் ஒக்காது.” விடியும் முன்பே எழுந்து ஆற்றுக் கடவுக்குப் போய்ப் பாயையும் துணியையும் அலசிக்கொண்டு வருவார். பின்கட்டில் கதவோரம்தான் படுப்பார். கல்யாண வீடுகளுக்குப் போனாலும் பந்தி முடியும்வரை இருப்பதில்லை. அம்மச்சிக்கு ஆட்களைப் பிடிக்காது, ஒதுங்கியிருக்கும் சுபாவம் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். பேத்தியும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தாள். இப்போது அந்தக் கதவோரத்தையும் விடியற்காலை அலசலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், சுபாவம் என்று குடும்பம் பேர் வைத்தது ஒரு சீக்குக்காக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், கேட்க அம்மச்சி இல்லை.

அம்மச்சி எழுந்திருக்கும்போது திரும்பிப் பார்த்ததுண்டா? ஆசிரியை நினைவைத் துழாவிப் பார்க்கிறார். தரையில் உட்கார்பவர் எழுந்ததும் முந்தானையைப் பின்னால் இழுத்துச் சரிசெய்வது ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாருமே அப்படிச் செய்வார்களே.

நினைவு அங்கிருந்து பக்கத்து ஊரான நெய்யூருக்குத் தாவியது. கல்லூரி நாட்களில் ஏதோ ஒரு பத்திரிகையில் வாசித்தது, டாக்டர் சோமர்வெல்லைப் பற்றி. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் பயணங்களில் பங்கெடுத்தவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே அறுவைச் சிகிச்சை செய்ய வந்தவர். 1924-ல் சிகரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும்போது அவருடைய தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு நின்றது. பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக நெஞ்சைக் கைகளால் அழுத்தி இருமியபோது, உறைபனியில் கெட்டுப்போன தொண்டையின் உட்தோல் பெயர்ந்து வெளியே வந்தது. பிழைத்தார்.

ஒரு மனிதனின் உடல் அவன் சொல்லைக் கேட்காமல் போன கதைதான் இதுவும். அதைப் புத்தகத்தில் எழுதினார்கள், பத்திரிகையில் போட்டார்கள், ஒரு கல்லூரி மாணவி வாய்பிளந்து வாசித்தாள். குழித்துறையிலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில் போகும் பேருந்தில், அடுத்த நிறுத்தம்வரை தாக்குப்பிடிக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கதையை யாரும் எழுதுவதில்லை. அவளும் சொல்வதில்லை. பேருந்துக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதில்லை, வழியில் எங்கே கழிப்பறை என்பது மனப்பாடம், கறுப்புச் சேலைதான் கட்டுவது. இவ்வளவு முன்யோசனையும் துணிச்சலும் அவளுக்கும் வேண்டித்தான் இருக்கிறது.

அப்படியானால் பட்டியலில் சேர்த்துவிட வேண்டியதுதானே என்று எழுதி முடித்துவிடலாம். ஆசிரியையால் முடியவில்லை. இந்தக் கசிவில் பெரும்பகுதி சிகிச்சைக்குக் கட்டுப்படுவது. இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதி வைத்தார். செலவில்லை, கருவி தேவையில்லை, அரிசி கழுவிக்கொண்டே செய்யலாம். கருப்பையைத் தாங்க உள்ளே வைக்கும் வளையம், மாத்திரைகள், அறுவைச் சிகிச்சை என்று மேலும் வழிகள் உண்டு. ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கத்தாலோ சர்க்கரையாலோ வருவதற்கும் வைத்தியம் உண்டு. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் கேத்தரின் ஹாம்லினும் அவர் கணவரும் 1974-ல் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார்கள். நாள்கணக்கில் நீண்ட பிரசவத்தில் சிறுநீர்ப்பை ஓட்டையாகிப்போன பெண்களுக்காகவே. 60,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே சிகிச்சை அளித்திருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது அட்டையா, தையலா? பிரசவம் பார்த்த நம் ஊர் மருத்துவமனைகளில் ஒரு செவிலியர் இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தத் தோர்த்துக்கே வேலை இல்லாமல் போயிருக்கலாம். குறைபாடு என்று முத்திரை குத்தினால், இதற்கு மருந்து இல்லை என்று ஆட்கள் நம்பிவிடுவார்களோ என்பது ஆசிரியையின் பயம்.

ஆனால் குணமாகாதவர்களும் இருக்கிறார்கள். படுத்த படுக்கையானவர்கள், முதுமை மறதியில் இருப்பவர்கள், புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கட்டுப்பாடு திரும்பாதவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்படிப்பட்டவர்களின் வீட்டுக்கே செவிலியர்கள் வருகிறார்கள். ஆனால் பெரியவர்களுக்கான டயாபரைக் குடும்பம்தான் வாங்க வேண்டியிருக்கிறது. சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே ஜிஎஸ்டி நீங்கிவிட்டது. டயாபர் மீதான வரி 2025 செப்டம்பரில்தான் 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில், நாளுக்கு இரண்டு மூன்று மாற்ற வேண்டிய பொருளுக்கு, அந்த ஐந்தும் கனம்தான்.

தடைகளோடு சேர்ந்து என்று சட்டம் சொல்கிறதே, அந்தத் தடைகளைப் பற்றி ஆசிரியை அதிகம் யோசிக்கிறார். 2025 ஜனவரி 15-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் ஒரு தீர்ப்பு வழங்கினார்கள். ராஜீப் கலிதா என்ற வழக்கறிஞர் தொடர்ந்த வழக்கு. நாட்டின் எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர் அனைவருக்கும் கழிப்பறை வேண்டும், அது வாழும் உரிமையின் பகுதி என்றது தீர்ப்பு. குழித்துறையிலும் நீதிமன்றம் இருக்கிறது. வழக்குக்காகக் காலையில் வந்து பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பவர்களை ஊரார் தினமும் பார்க்கிறார்கள். நூறு அடியில் பூட்டாத, தண்ணீர் வருகிற கழிப்பறை இருந்தால் பாதிப் பேருக்கு இந்தக் கசிவு குறைபாடாகவே இருக்காது. இந்த இடத்தில் ஆசிரியைக்குச் சந்தேகமே இல்லை. பட்டியல் எப்படியும் போகட்டும், கழிப்பறை வந்தாக வேண்டும்.

பட்டியல் விஷயத்தில்தான் அவர் தடுமாறுகிறார். மத்திய அரசு அறிவித்தால் புதிய வகைகளைச் சேர்க்கலாம் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே வழி இருக்கிறது. ஒரு மனு எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “கார்டுல என்னான்னு எழுதுவினும் டீச்சரே?”

என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்பது அட்டையிலேயே அச்சாகியிருக்கும். கண்டக்டரிடம் நீட்ட வேண்டும், ரேஷன் கடையில் காட்ட வேண்டும், வங்கியில் நகல் கொடுக்க வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே முப்பது வருடம் தோர்த்தை மடித்தவரிடம், உதவி வேண்டுமானால் எல்லாருக்கும் காட்டு என்பது என்ன நியாயம்? அப்படியென்றால் எழுதாமலே விட்டுவிடலாமா? எழுதாதவரை அரசின் எந்தக் கணக்கிலும் அந்த அக்கா இல்லை, டயாபருக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதும் இல்லை. வெட்கம் முதலில் போக வேண்டுமா, அட்டை வந்தால் வெட்கம் தானாகப் போகுமா என்று அவரால் தீர்மானிக்க முடியவில்லை. ரத்த நோய்களைச் சேர்த்ததால் அவற்றைப் பற்றிப் பேசுவது எளிதானது என்று ஒரு நாள் தோன்றுகிறது. ரத்தத்தைப் பற்றிப் பேச யாருக்கும் என்றுமே கூச்சம் இருந்ததில்லையே என்று மறுநாள் தோன்றுகிறது.

மனுவை அவர் பாதி எழுதி வைத்திருக்கிறார். நரம்பு என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், பிரசவத்தால் வந்ததையும் அதே அட்டவணையில் அளக்க வேண்டும் என்பதுவரை கை தயங்காமல் போகிறது. அட்டையில் குறைபாட்டின் பெயர் வேண்டுமா, வேண்டாமா என்ற பத்தியில் நின்றுவிடுகிறது. அக்காவிடம் மறுபடியும் கேட்டார். “எனக்கு வேண்டாம். ஆனா எனக்க மகளுக்கு வேண்டி வந்தா?” என்றார் அக்கா. இரண்டில் எதை எழுதுவது என்று ஆசிரியைக்கு இன்னும் தெரியவில்லை.