கேட்டுச் செய்வதே சேவை

கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன என் மாமா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது, அவர் அறையை நான்தான் தயார் செய்தேன். தேக்காவில் முருகன் படம் வாங்கித் தலைமாட்டில் மாட்டி, மல்லிகைச் சரமும் போட்டேன். அறை கோயில் மாதிரி இருக்கிறது என்று வந்தவர்கள் பாராட்டினார்கள்.

மூன்றாம் நாள் மாமா சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்காம். எனக்குத் தெரியறது ஃபேன் மட்டும்தான்டா. பூ வாசத்துக்குத் தும்மல் வருது. மூக்கைத் துடைக்கவும் உன்னைத்தானே கூப்பிடணும்?"

அவர் தலைக்குப் பக்கத்தில் என் தலையை வைத்துப் பார்த்தேன். உண்மைதான்.

கருவறையில் மூலவர் அசைவதில்லை. நாம் செய்யும் அலங்காரத்தை மறுப்பதுமில்லை. அசையாத மனிதரையும் அப்படியே நடத்திவிடுகிறோம். கேட்காமல் செய்த சேவையில் பாதி, நம் மனத்திருப்திக்குத்தான்.

தென்காசி அருகே ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர்தான் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, எத்தனையோ மாற்றுத்திறனாளிகளுக்கு வழிகாட்டினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். உடல் அசையாவிட்டாலும் முடிவெடுக்கும் உரிமை ஒருவரிடமே இருக்கிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இப்போது முருகன் எதிர்ச் சுவரில், மாமாவின் கண்மட்டத்தில் இருக்கிறார். கட்டில் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. "திறந்து வைடா, சிராங்கூன் ரோட்டு பஸ் சத்தம் கேக்கட்டும்" என்கிறார். எனக்கு அது இரைச்சல். அவருக்கு அதுதான் வீடு.

நண்பர்களே, அடுத்த முறை தொண்டுக்குப் போகும்போது, கையை நீட்டுவதற்கு முன் வாயைத் திறந்து கேளுங்கள்.