காதலா, காவலா?

பொறாமை இல்லாத காதல் காதலே அன்று எனச் சிலர் சொல்லக் கேட்கிறோம். பொறாமைப்படாதவன் நெஞ்சில் ஈரமில்லை என்றே அவர்கள் முடிவுகட்டி விடுகின்றனர். பகுத்தறிவு வழி நடக்க விரும்பும் நாம் இதை அப்படியே ஏற்கலாமா? நாம் நேசிக்கும் ஒருவரின் வாழ்வைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய வேளையில், நம்முள்ளிருந்து பேசுவது அன்பா, பொறாமையா என எங்ஙனம் அறிவது?

விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சிப் பகுதியில், திருக்கோவலூரை ஒட்டித் தென்பெண்ணையாற்றில் ஒரு பாறை நிற்கிறது. கபிலக்கல் என்பது அதன் பெயர். அதன் பின்னே இருப்பது பொறாமையின் வரலாறு.

பறம்புமலைத் தலைவன் பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். அம்முற்றுகையைக் கூறும் கபிலர் பாட்டுக்குப் பழையோர் வகுத்த துறை மகண்மறுத்தல். வேந்தர் பெண் கேட்டனர், பாரி மறுத்தான் என்பது அதனால் விளங்கும். போரிட்டு இம்மலையைக் கொள்ள முடியாது. பாடியும் ஆடியும் சென்றால் நாட்டையும் குன்றையும் அவனே தந்துவிடுவான் என்று கபிலர் அவர்களிடம் கூறுகிறார். கேட்டால் கிடைப்பதைப் பறித்தே தீரவேண்டும் என வேந்தர் துடித்தது ஏன்? பிறன் கையில் இருப்பதைப் பொறுக்காத மனம் அப்படித்தான் துடிக்கும். அதற்குப் பொருள் கிடைப்பது பெரிதன்று. தன்னைத் தவிர எவரும் அதற்கு உரியவராக இருக்கக்கூடாது என்பதே பெரிது.

பாரி மாண்டான். அவன் மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்றார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டினார், இருவரும் இசையவில்லை. முடிவில் பாரி மகளை மலையமான் குடிக்குத் தந்துவிட்டு, இந்தப் பாறையில் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவலூர் வீரட்டானத்தில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு.

கபிலரின் அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்று கேட்போம். அப்பெண்களின் விருப்பத்தைக் கேட்டவர் யார்? அவர்கள் பேசத் தெரியாதவர்கள் அல்லர். புறநானூற்றின் 112ஆம் பாட்டு அவர்கள் பாடியது. தந்தையையும் குன்றையும் இழந்த துயரைத் தம் வாயாலேயே சொல்லத் தெரிந்தவர்கள், தமக்கு எத்தகைய வாழ்வு வேண்டும் என்று சொன்னதாக ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை. பறிக்க வந்தவர்க்கும் காக்க நின்றவர்க்கும் நடுவே, அவர்கள் யாரிடமேனும் ஒப்படைக்கப்பட வேண்டிய பொருளாகவே நின்றனர்.

பழங்கதை என ஒதுக்க வேண்டா. 1860ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவைப் பாருங்கள். பிறன் மனைவியோடு உறவு கொண்டவனுக்குத் தண்டனை உண்டு. ஆனால் கணவன் இசைந்திருந்தால் அது குற்றமன்று! கணவன் வேறொருத்தியை நாடினால் மனைவி இப்பிரிவின்கீழ் முறையிடவும் வழியில்லை. குற்றம் எனக் கருதப்பட்டது உடைமையாளனுக்கு நேர்ந்த இழப்பே அன்றோ? 2018 செப்டம்பர் 27 அன்றுதான் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைச் செல்லாது என அறிவித்தது. 158 ஆண்டுகள் ஆணின் பொறாமைக்குச் சட்டம் காவலாளாக நின்றது!

சட்டம் போயிற்று, மனம் மாறிற்றா? கல்வராயன் மலையில் மக்களிடம் கூலியின்றி வேலை வாங்கிய ஜாகீர்தார் ஆட்சி 1976இல் முடிந்தது. நம் வீடுகளிலோ சின்னஞ்சிறு ஜாகீர்தார்கள் இன்னும் இருக்கின்றனர். கள்ளக்குறிச்சியில் வாழும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் மனைவிக்குச் சென்னையில் நல்ல வேலை கிடைக்கிறது. "ஊர் கெட்டுக் கிடக்கிறது, உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன், போகவேண்டா" என்கிறான். அவன் அஞ்சுவது ஊரை அன்று. அவள் புதியவர்களோடு பழகுவாள், தன்னினும் உயர்வாள், தன்னை வேண்டாதவளாகிவிடுவாள் என்றே அஞ்சுகிறான். அந்த அச்சத்துக்கு அக்கறை எனப் பெயர் சூட்டுகிறான்.

அச்சமே எழக்கூடாது என்று நாம் கூறவில்லை. நேசித்தவரை இழப்போமோ என்ற கலக்கம் மனிதர்க்கு இயல்பு. வள்ளுவரும் அழுக்காறாமை என ஓர் அதிகாரம் வகுத்து அக்குணத்தைக் கடிந்தார். காமத்துப்பாலை ஊடலுவகை என்னும் அதிகாரத்தோடு நிறைவு செய்தார். ஊடலில் உள்ளக்குறை வெளிப்படுகிறது. எதிரில் இருப்பவர் மறுமொழி கூற இடம் இருக்கிறது. அழுக்காற்றில் கதவு சாத்தப்படுகிறது. "நீ போனால் எனக்கு அச்சமாக இருக்கிறது" என்பது ஊடல். "நீ போகக்கூடாது" என்பது ஜாகீர்.

ஆகவே, தோழர்களே, நமக்கு வேண்டிய சோதனை எளியது; கடைப்பிடிப்பதோ கடினம். யாருடைய வாழ்வு பற்றிய முடிவோ, அவரைக் கேட்டோமா? அவர் நமக்கு உவப்பில்லாத விடை சொன்னால் அதை ஏற்போமா? ஏற்கும் எண்ணம் இல்லாமல் கேட்பது கேட்பதாகாது. கேட்பதால் அவரை இழக்கவும் நேரலாம். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பூட்டி வைத்துக் காத்த துணை தன் விருப்பத்தால் நம்மோடு இருக்கிறதா என்பதை நாம் ஒருநாளும் அறிய மாட்டோம். அந்த ஐயத்தோடு வாழ்வதினும், கேட்டு அறிந்து அந்த விடையோடு வாழ்வதே மானமுள்ள வாழ்வு.